கறி முதல், சோறு கடைசி: சுருங்கிய இரைப்பையும் யாழ்ப்பாணத்துக் குசினியும்

இரைப்பையைக் குழாய் போலச் சுருக்கும் ஸ்லீவ் என்ற சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருபவரின் இரைப்பை ஒரு வாழைப்பழத்தின் வடிவில் இருக்கும். அது பிடிப்பது 100 முதல் 150 மில்லிலீற்றர். ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிரம்பாது. வீக்கம் வற்றாத முதல் வாரங்களில் அதுவும் இல்லை, ஒரு தடவைக்கு மூன்று நாலு மேசைக்கரண்டிதான். அந்த இடத்துக்குள்ளால் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதமும் ஒன்றரை லீற்றர் தண்ணீரும் போய்ச் சேரவேண்டும். ஒப்பரேசன் ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கு முடிவதில்லை.

விசாரிக்கிற ஆக்கள் கேட்பதெல்லாம் எத்தனை துளை போடுவார்கள், எத்தனை நாள் வார்ட்டில் வைத்திருப்பார்கள், எவ்வளவு முடியும் என்றுதான். வீட்டில் ஆர் சமைக்கிறது, தேங்காய்ப்பால் எவ்வளவு விடுகிறது, இரும்புக் குளிசையை எத்தனை மணிக்குப் போடுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. பிறகு வரும் கரைச்சலில் பெரும்பங்கு இந்த மூன்றிலிருந்துதான் வருகிறது. ஆகவே இந்தப் பதிவில் கத்தியை விட அகப்பைக்குத்தான் கூட இடம்.

முதலில் ஆருக்கு இது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, நிறையை உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 95 கிலோ நிறையும் 160 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள ஒருவருக்கு அது 37. 1991 இல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் கூடவே நோயும் இருந்தால்தான் சத்திரசிகிச்சை. 2022 இல் அந்த எல்லையைக் கீழே இறக்கினார்கள். இப்போது 35க்கு மேல் நோய் இல்லாவிட்டாலும் யோசிக்கலாம். 30க்கு மேல் என்றால் சலரோகம் போன்ற நோய் இருக்கவேண்டும். ஆசியர்களுக்கு 27.5 இலேயே பேச்சைத் தொடங்கலாம் என்கிறது அதே பரிந்துரை. எங்களுடைய உடம்பு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கும் உடம்பு, வெள்ளைக்காரருக்கு 35 இல் வருகிற சலரோகம் எங்களுக்கு அதற்கு வெகு முன்னரே வந்துவிடும். மேலே சொன்ன 95 கிலோக்காரர் ஸ்லீவ் செய்தால் ஓராண்டில் மொத்த நிறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறையலாம், அதாவது 71 கிலோவுக்குக் கிட்ட. கலியாண அல்பத்தில் உள்ள இருபத்திரண்டு வயது உடம்பு திரும்பி வரும் என்று எதிர்பார்த்துப் போகக்கூடாது.

பரவலாகச் செய்வது இரண்டு வகை. ஸ்லீவ் என்பது இரைப்பையின் வெளிவளைவு முழுவதையும், ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை, வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் போல மிச்சத்தை விடுவது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் பெருமளவு சுரப்பது வெட்டி எறிகிற அந்தப் பகுதியில்தான். முதல் மாதங்களில் பசியே தெரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பைபாஸ் என்பது மேலே 30 மில்லிலீற்றர் அளவுக்குச் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து, சிறுகுடலைக் கவர்த்தடி போலப் பொருத்தி, சாப்பாடு இரைப்பையின் மிச்சத்தையும் குடலின் முதற்பகுதியையும் தொடாமல் போக வழிசெய்வது. நெஞ்செரிவு மோசமாக உள்ளவருக்கு ஸ்லீவ் நல்ல தெரிவில்லை, குழாயின் அழுத்தம் அமிலத்தை மேலே தள்ளும். பைபாஸில் அந்தத் தொல்லை குறையும், சலரோகமும் நன்றாகக் கட்டுப்படும். ஆனால் விற்றமின் குறைபாடு கூட வரும், டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற நோமாத்திரைகளை வாழ்நாளில் தொடமுடியாது. முழங்கால் நோவுக்கு ஒவ்வொரு கிழமையும் பாமசியில் குளிசை வாங்கிப் போடுகிற ஆளா நீங்கள் என்பதை வகையைத் தெரிவு செய்ய முன்னரே டொக்டருக்குச் சொல்லவேண்டும். அந்தக் குளிசை, குடலைப் பொருத்திய இடத்தில் புண் ஆக்கும், சிகரெட்டும் அப்படித்தான்.

போக முன்

இரத்தப் பரிசோதனைகள் நீளமான பட்டியல். இரும்பு, பி12, விற்றமின் டி, தைரொயிட், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி, ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். அந்த முடிவுகளின் போட்டோக்கொப்பி ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு பி12 குறைந்தால், அது ஒப்பரேசனால் குறைந்ததா, முதலிலேயே குறைவா என்று சொல்ல அந்த ஒரு தாள்தான் சாட்சி. வயிற்றுக்குள் கமெரா விட்டுப் பார்ப்பதைத் தவிர்க்கக் கேட்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். பைபாஸுக்குப் பிறகு பழைய இரைப்பைக்குள் சாதாரண கமெராவை விட வழியில்லை. அங்கே கிருமி இருந்தால், புண் இருந்தால், முன்னரே கண்டு மருந்து கொடுத்து முடிக்கவேண்டும்.

இரவில் பெரிதாய்க் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். இது மயக்க மருந்து கொடுப்பவருக்கு இரத்தப் பரிசோதனையை விட முக்கியமான தகவல். பக்கத்தில் படுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போனால் சரியான பதில் கிடைக்கும். புகைத்தலை ஆகக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் நிறுத்தவேண்டும். கருத்தடைக் குளிசை பாவிக்கும் பெண்கள் அதையும் சொல்லவேண்டும். ஈஸ்திரஜன் உள்ள குளிசை இரத்தக்கட்டிக்கு வாய்ப்பைக் கூட்டும், அதனால் ஒரு மாதத்துக்கு முன் நிறுத்தி வேறு முறைக்கு மாற்றுவார்கள். நிறை குறைக்கிற ஊசி போடுபவர்கள் கடைசி ஊசி எந்தத் திகதியில் என்று மயக்க மருந்து டொக்டருக்குச் சொல்லவேண்டும். அந்த ஊசியால் இரைப்பை மெதுவாகத்தான் வெறுமையாகும், எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தாலும் உள்ளே சாப்பாடு இருக்கலாம்.

கடைசி இரண்டு கிழமை ஈரலுக்கான கிழமைகள். ஈரலின் இடப்பக்க மடல் இரைப்பையின் மேற்பகுதியை மூடிக்கொண்டு கிடக்கிறது. கொழுப்பு ஏறிய ஈரல் பாரமானது, தூக்கிப் பிடித்தால் கிழிந்து இரத்தம் வரும். மாச்சத்தை நிறுத்தினால் ஈரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்துச் சேமிப்பும் அதோடு கட்டுப்பட்ட தண்ணீரும் வெளியேறி, கொழுப்பும் கொஞ்சம் இறங்கி, ஈரல் சுருங்கி மெத்தென்று ஆகும். ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி. எங்கள் கணக்கில் சொன்னால் காலையில் அவித்த முட்டை இரண்டும் கொழுப்பு நீக்கிய பால் ஒரு கிளாசும், மத்தியானம் எண்ணெய் இல்லாமல் வேகவைத்த மீன் இரண்டு துண்டும் கீரையும், பின்னேரம் சீனி போடாத தேத்தண்ணி, இரவு பருப்பும் மீன் சூப்பும். சோறு, பாண், புட்டு, இடியப்பம், தேங்காய்ப்பால், பொரியல் இந்த இரண்டு கிழமைக்கு இல்லை.

இங்கேதான் சொந்தக்காரர் வருவார்கள். "இனிமேல் சாப்பிட ஏலாது, இப்பவாவது ஆசைப்பட்டதைச் சாப்பிடு பிள்ளை" என்று ஒரு மாமி கொழுக்கட்டை அவித்துக்கொண்டு வருவா. கொத்து வாங்கிக்கொண்டு ஒரு மச்சான் வருவான். அந்த விருந்துகள் எல்லாம் போய்ச் சேர்வது ஈரலுக்கு. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஈரல் இடம் தரவில்லை என்று மூடி அனுப்புகிற சம்பவங்கள் உலகெங்கும் உண்டு.

சலரோகக்காரருக்கு இந்த இரண்டு கிழமையிலேயே மருந்தின் அளவை மாற்றவேண்டும். சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவில் இன்சுலினோ கிளிக்கிளசைட்டோ எடுத்தால் சீனி தடாலென்று இறங்கும். எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் வகைக் குளிசையை ஒப்பரேசனுக்கு மூன்று நாலு நாள் முன்பே நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் சீனி சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு.

முதல் பத்து நாள்

ஒப்பரேசன் முடிந்த அன்று பின்னேரமே எழுப்பி நடக்க விடுவார்கள். தோள்மூட்டில் ஒரு நோவு இருக்கும், வயிற்றை ஊதவைக்க அடித்த காற்று உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது, நடக்க நடக்கப் போய்விடும். ஆனால் நாள் போகப் போகக் கூடுகிற இடப்பக்கத் தோள்நோவு வேறு சாதி. அதோடு காய்ச்சல், மூச்சு வாங்கல், படுத்திருக்கும்போதே நாடி 120க்கு மேல் ஓடுதல் இருந்தால், தைத்த இடம் கசிகிறதா என்று உடனே பார்க்கவேண்டும். இதில் நாடித்துடிப்புத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிவந்து சொல்லும், வயிற்றுநோ பிந்தி வரும். பிரஷர் பார்க்கிற வீட்டு மெசினில் நாடியும் விழும், காலையும் மாலையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

கொழும்பில் செய்துகொண்டு யாழ்ப்பாணம் திரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். நாலாம் நாளே ஏ9 வீதியில் ஏறாதீர்கள். கசிவு பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள் வெளிப்படும், வெட்டிய டொக்டருக்கும் உங்களுக்கும் இடையில் 400 கிலோமீற்றர் இருப்பது நல்லதல்ல. கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் முதல் கிளினிக் முடியும்வரை நிற்கப் பாருங்கள். வரும்போது வானில் வந்தால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கவேண்டும். ரெயின் என்றால் பெட்டிக்குள்ளேயே நடக்கலாம், என் வாக்கு ரெயினுக்குத்தான். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி நோகுதல், திடீர் மூச்சடைப்பு இரண்டும் இரத்தக்கட்டியின் அறிகுறி. யோசிக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

குசினி

முதல் ஓரிரு நாள் தெளிந்த தண்ணிதான். பிறகு இரண்டு கிழமை பால் போன்ற நீராகாரம், அடுத்த இரண்டு கிழமை கடைந்தது, அதன்பின் இரண்டு கிழமை மெத்தென்றது, ஏறக்குறைய ஏழாம் எட்டாம் கிழமையில் வீட்டுச் சாப்பாடு. உங்கள் டொக்டரின் தாளில் நாட்கள் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம், அந்தத் தாளைத்தான் பின்பற்றவேண்டும். தைத்த இடம் ஆற நாள் எடுக்கிறது, அதற்கு முன் சோற்றுப்பருக்கை போய் அழுத்தக்கூடாது என்பதுதான் இந்தப் படிகளின் காரணம்.

நீராகாரக் கிழமைகளில் வீட்டார் செய்கிற தவறு கஞ்சி. அரிசிக் கஞ்சியும் பாற்கஞ்சியும் வருத்தக்காரருக்கு என்று கை தானாகப் போகும். அதில் இருப்பது மாச்சத்து, ஆறவேண்டிய புண்ணுக்கு அது உதவாது. அதற்குப் பதில் மீன் சொதி வையுங்கள், ஆனால் வழமையான சொதி இல்லை. விளைமீன் அல்லது பாரை 150 கிராம், முள் எடுத்து, சின்ன வெங்காயம் நாலு, மஞ்சள், கொஞ்சம் பெருஞ்சீரகம், உப்பு போட்டு ஒன்றரைக் கிளாஸ் தண்ணியில் அவியுங்கள். பச்சைமிளகாயும் தேங்காய்ப்பாலும் வேண்டாம். அவிந்த மீனையும் தண்ணியையும் சேர்த்துக் கிரைண்டரில் நன்றாக அடித்து, தேத்தண்ணி வடியால் ஒரு தரம் வடித்து, கொழுப்பு நீக்கிய பால்மா இரண்டு மேசைக்கரண்டியை இளஞ்சூட்டில் கரைத்து விடுங்கள். கொதிக்கக் கொதிக்க விட்டால் பால்மா திரளும். தேசிப்புளியைக் கடைசியில், குடிக்கிற அளவுக்கு மட்டும் ஓரிரு துளி. வெறும் சொதித்தண்ணியில் மணம்தான் இருக்கும், அடித்து வடித்ததில்தான் புரதம் இருக்கிறது. இதை ஒரு தரத்தில் 60 மில்லிலீற்றர், அதாவது நாலு மேசைக்கரண்டி, கால் மணித்தியாலம் எடுத்துக் குடிக்கவேண்டும். பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற அளவுக் கிண்ணம் ஒன்று இருந்தால் சண்டை இல்லை.

கடைகிற கிழமைகளில் மைசூர்ப் பருப்பு, கீரைக் கடையல், தயிர், நன்றாக மசித்த முட்டை. மெத்தென்ற கிழமைகளுக்கு எங்கள் ஊரில் தயாராகவே ஒரு சாப்பாடு இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பால்சுறா. அவித்துத் தோல் உரித்து, உதிர்த்துச் செய்யும் சுறாப்புட்டு. 100 கிராமில் 20 கிராமுக்குக் குறையாத புரதம், தசை நார் நாராய் உதிரும், சில்லு முள்ளும் இல்லை. ஒரு மாற்றம்தான் வேண்டும். வறுத்து உலர்ந்த நிலையில் கொடுத்தால் நெஞ்சுக்குள் நிற்கும். தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைத்து, இறக்க முன் இரண்டு மேசைக்கரண்டி சொதி விட்டு ஈரமாக்குங்கள்.

"நெஞ்சுக்குள் நிற்கும்" என்றால் என்ன என்று ஒரு தரம் வந்தவருக்குத்தான் தெரியும். மார்பு எலும்புக்குப் பின்னால் கல் வைத்தது போல ஒரு அழுத்தம், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், பிறகு நுரை நுரையாக வெளியே வரும். அந்த நேரம் தண்ணி குடித்துத் தள்ளப் பார்க்கக்கூடாது, அடைத்த குழாயில் மேலும் தண்ணி ஊற்றுவது போலத்தான். எழும்பி மெதுவாக நடந்து, காத்திருங்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வேகம், பெரிய வாய், உலர்ந்த சாப்பாடு. ஒரு வாய் என்பது தேக்கரண்டி நுனி அளவு, இருபது முப்பது தரம் சப்பவேண்டும், ஒரு சாப்பாட்டுக்கு இருபது முப்பது நிமிடம். அதற்கு மேல் கோப்பையை வைத்துக்கொண்டு இருந்தால் அது சாப்பாடு இல்லை, கொறிப்பு.

எது நிற்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பட்டியல் இப்படி: பாண், அதிலும் புதுப் பாண், வாய்க்குள் போனதும் மாவுருண்டையாகிவிடும். காய்ந்த புட்டு. கட்டியாய்ப் பிடித்த இடியப்பம். நேற்றைய சோறு. ரப்பர் போல வெந்த கணவாய். முருங்கைக்காய்ச் சக்கை. பனங்கிழங்கு. கடைசி இரண்டிலும் தும்பு இருக்கிறது, விழுங்கிய தும்பு இடுக்கான இடத்தில் பந்தாகத் திரளக்கூடும். முருங்கைக்காயின் உள்ளீட்டைச் சுரண்டிச் சாப்பிட்டுச் சக்கையைத் துப்பலாம். பனங்கிழங்கை முதல் வருடம் விட்டுவிடுவதுதான் புத்தி. நுங்கு வழுக்கிக்கொண்டு போகும், அதில் பிரச்சினை இல்லை.

சாதாரண சாப்பாட்டுக்கு வந்த பிறகு கோப்பையின் ஒழுங்கை மாற்றவேண்டும். எங்களுக்குச் சோறுதான் மேடை, கறிகள் சுற்றி நிற்கும். இனி மீனும் முட்டையும் முதலில், பிறகு கீரையும் மரக்கறியும், இடம் மிச்சம் இருந்தால் சோறு இரண்டு மேசைக்கரண்டி. சோற்றில் தொடங்கினால் நாலாம் வாயில் வயிறு நிறைந்துவிடும், புரதம் கோப்பையிலேயே கிடக்கும். இந்த ஒழுங்கு பழகக் கைக்கே மாதம் எடுக்கும், ஏனென்றால் குழைத்துச் சாப்பிடுகிற கை அது. கொஞ்சநாளைக்குக் கரண்டியால் சாப்பிட்டால் குழைக்கிற பழக்கம் தானே விட்டுப்போகும்.

தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்கக்கூடாது. சாப்பிட அரை மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தி, சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குப் பின் தொடங்கவேண்டும். நடுவில் குடித்தால் சாப்பாடு கழுவுப்பட்டுக் கீழே போய்விடும், வயிறு நிறைந்த உணர்வு வராது. மிச்ச நேரம் முழுக்க மிடறு மிடறாக. சித்திரை, வைகாசி வெயிலில் இது சின்னக் காரியமில்லை, கிளாஸ் கிளாஸாக மடமடவென்று குடிக்கும் வசதி இனி இல்லாததால், தாகம் எடுத்த பிறகு பிடிக்க முடியாது. சலம் கடும் மஞ்சளாய்ப் போனால் அன்றைய கணக்குப் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். பைபாஸ் செய்தவர்களுக்குத் தண்ணி குறைந்தால் சிறுநீரகக் கல்லும் சேர்ந்து வரும்.

இனிப்பு வழுக்கிக்கொண்டு போகும். இதுதான் இந்தச் சத்திரசிகிச்சையின் ஓட்டை. மீன்துண்டு ஒன்றில் நிறைகிற இரைப்பைக்குள்ளால், நல்லூர்ப் பக்கம் போய் வாங்குகிற ஐஸ்கிறீம் கிண்ணம் முழுதாக உருகி இறங்கிவிடும், நிறைவும் தெரியாது. நெல்லிரசம், மைலோ, சீனி போட்ட பால்தேத்தண்ணி எல்லாம் இதே வழி. ஸ்லீவ்காரருக்கு அது நிறையாய்த் திரும்பும். பைபாஸ்காரருக்குப் பத்து முப்பது நிமிடத்தில் நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கு, வயிற்றோட்டம், படுக்கவேண்டும் போல ஒரு களை. ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு சீனி இறங்கிக் கை நடுங்குவது வேறொரு வகை. பனங்கட்டி இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று சொல்லுவார்கள். அதிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்குரோஸ்தான், குடலுக்குப் பனை, கரும்பு என்று பாகுபாடு தெரியாது. கருப்பணியும் அப்படியே. கள்ளு கேட்பவர்களுக்கு: பைபாஸுக்குப் பிறகு மதுசாரம் முந்தியதை விட வேகமாய் இரத்தத்தில் ஏறும், ஒரு போத்தல் குடித்துப் பழகியவருக்கு அரைப்போத்தலிலேயே நிலை தளம்பலாம். அதுவும் மோட்டச்சைக்கிளில் வீடு திரும்புகிற ஊர் இது.

குளிசைப் பெட்டி

பல்விற்றமின், கல்சியம், விற்றமின் டி, பி12, இரும்பு. இவை வாழ்நாள் முழுக்க, நிறை குறைந்து முடிந்ததும் நிறுத்துகிற மருந்து இல்லை. கல்சியம் ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு தரத்தில் 500, 600க்கு மேல் உடம்பு எடுக்காது, ஆகவே பிரித்துப் போடவேண்டும். சித்ரேற் வகை நல்லது, காபனேற் வகைக்கு அமிலம் வேண்டும், இப்போது உங்களிடம் அமிலம் குறைவு. இரும்பும் கல்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். தேத்தண்ணியும் இரும்பைத் தடுக்கும். காலை எழும்பினதும் தேத்தண்ணி, பத்து மணிக்குத் தேத்தண்ணி, பின்னேரம் தேத்தண்ணி என்று ஓடுகிற வீட்டில் இரும்புக் குளிசைக்கு இடம் இரவில்தான், படுக்கிற நேரம், தேசிக்காய்த் தண்ணி கொஞ்சத்தோடு. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாதாரண பல்விற்றமினில் உள்ளது அதற்குப் போதாது.

கனடாவிலிருந்து வருகிற அன்ரி ஜெலி போன்ற விற்றமின் போத்தல் கொண்டுவந்து தருவா. பாசத்துக்கு வாங்கி வையுங்கள், ஆனால் பின்பக்கத்தைப் படியுங்கள். அந்த வகையில் பெரும்பாலும் இரும்பு இருக்காது, சீனி இருக்கும்.

தயமின் என்ற பி1 தான் அவசரமானது. உடம்பில் அது இரண்டு மூன்று கிழமைக்கு மேல் சேமிப்பில் நிற்காது. நாட்கணக்கில் சத்தி எடுத்தால் முடிந்துவிடும். பிறகு கண் இரட்டையாய்த் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் தடுமாற்றம், ஞாபகக் குழப்பம். இந்த நிலையில் கிட்டடி வைத்தியசாலைக்குப் போனால் முதலில் நடப்பது சேலைன் ஏத்துவது. அது குளுக்கோஸ் கலந்த சேலைனாக இருந்தால், மிச்சமிருக்கிற தயமினையும் அந்தக் குளுக்கோஸ் தின்றுவிடும். "குளுக்கோஸ் ஏத்த முன் தயமின் போடுங்கோ, எனக்கு இரைப்பை ஒப்பரேசன் செய்தது" என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். சொல்ல ஏலாத நிலை என்றால் கூடப் போகிறவர் சொல்லவேண்டும். இரண்டு நாளுக்கு மேல் சத்தி என்றால் வீட்டில் இஞ்சித் தேத்தண்ணி வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.

நோவுக்குப் பனடோல். பித்தக்கல் வராமல் ஆறு மாதத்துக்கு ஒரு குளிசை தருவார்கள், வேகமாக மெலியும்போது பித்தம் தடித்துக் கல் கட்டும் என்பதற்காக. மெதுவாகக் கரைகிற வகைக் குளிசைகளை இடித்துக் குடிக்காதீர்கள், அதற்குப் பதில் சாதாரண வகையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். சலரோக மருந்தும் பிரஷர் மருந்தும் சில நாளிலேயே குறைக்கவேண்டி வரும், சலம் போகிற குளிசையைப் பழையபடி எடுத்தால் தலை சுற்றி விழுவீர்கள்.

விரதம், திருவிழா, பந்தி

நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாள் வீட்டில் மச்சம் இல்லை. மீனை நம்பியிருக்கும் புரதக் கணக்கு அன்றே விழும். சோறும் பருப்பும் மூன்று மரக்கறியும் வைத்துக்கொண்டு 60 கிராமை எட்ட இந்த இரைப்பையில் இடமில்லை. சோயாமீற், தயிர், கொழுப்பு நீக்கிய பால்மா, அவித்த கடலை, பயறு என்று முன்கூட்டியே வாங்கி வைக்கவேண்டும். சோயாமீற்றை உலர்ந்த நிலையில் நிறுத்தால் பாதியளவு புரதம்தான். 30 கிராமை ஊறவைத்துப் பிழிந்து, சின்னதாய் அரிந்து, கறியாக்கினால் 15 கிராம் புரதம். ஆகக் குறைந்தது அதை ஒரு நேரத்துக்கு வையுங்கள். பால்மாவை மோரில் கரைத்தால் ருசி தெரியாது.

கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணியோடு மட்டும் இருப்பது முதல் வருடத்தில் வேண்டாம். பிறகும் இன்சுலின் எடுப்பவருக்கு வேண்டாம். ஒருநேரம் பால், பழம் என்று பிடிக்கிறவர்கள் பாலைக் கூட்டிப் பழத்தைக் குறைக்கலாம், குளிசை நிறுத்தக்கூடாது.

கலியாணப் பந்தியில் "பிள்ளை, ஒரு அகப்பை எண்டாலும் போடட்டே?" என்று கேட்கிறவரிடம் ஒப்பரேசன் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். "காணும்" என்று இலைக்கு மேல் கையை வைத்தால் போதும். முதலில் கொஞ்சம் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இரண்டாம் தரம் கேட்பதும் குறையும். மூன்றாம் மாதத்தில் "என்ன, வருத்தக்காரர் மாதிரிக் கன்னம் ஒட்டிப்போச்சு" என்பார்கள். அதே மாதத்தில்தான் தலைமயிரும் கொட்டத் தொடங்கும். திடீரென்று மெலிந்த உடம்பு மயிர்க்கால்களை ஓய்வுக்கு அனுப்புவதால் வருவது, பெரும்பாலும் ஒன்பதாம் மாதத்துக்குள் நிற்கும், எண்ணெய் மாற்றுவதால் நிற்காது. அதற்குப் பிறகும் கொட்டினால் இரும்பையும் புரதத்தையும் பாருங்கள்.

இளம் பெண்கள் கவனிக்கவேண்டியது ஒன்று: மெலிய மெலிய, நின்றிருந்த மாதவிடாய் திரும்பும், கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும். ஆனால் முதல் 12 முதல் 18 மாதத்துக்குக் கர்ப்பம் வேண்டாம், உடம்பு வற்றுகிற காலம் அது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடைக் குளிசையை மட்டும் நம்பவும் ஏலாது. பிறகு கர்ப்பமானால், கர்ப்பவதிகளின் கிளினிக்கில் சீனி பார்க்கக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கத் தருவார்கள். பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் மயங்கி விழலாம். மருத்துவமாதுவிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், ஊசியால் குத்திச் சீனியைச் சில நாள் தொடர்ந்து பார்க்கிற வழி இருக்கிறது.

மூன்றாம் கிழமையில் தராசு நின்றுவிடும். பெரும்பாலானோருக்கு நிற்கும், பயந்து சாப்பாட்டைக் குறைக்கவேண்டாம். கிழமைக்கு ஒருநாள், ஒரே நேரம், ஒரே தராசு. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பசி மெல்ல எட்டிப்பார்க்கும், கோப்பையும் கொஞ்சம் பெருக்கும். அதன்பின் இரண்டு மூன்று கிலோ ஏறுவது இயல்பு. பத்துக் கிலோ ஏறினால் முதலில் பார்க்கவேண்டியது குழாய் விரிந்துவிட்டதா என்று இல்லை, மிக்சர், பிஸ்கற், இனிப்புத் தேத்தண்ணி என்று நாள் முழுக்க வாய் ஓடுகிறதா என்று.

இரத்தப் பரிசோதனை முதல் வருடம் 3, 6, 12 ஆம் மாதங்களில், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. பிறந்தநாள் மாதத்தோடு சேர்த்து வைத்தால் மறக்காது. டயக்னோசிஸ் கார்ட்டைப் போட்டோக்கொப்பி அடித்து, மடித்து, ஐடென்ரிற்றி கார்ட்டோடு சேர்த்து வையுங்கள். அதன் பின்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் மூன்று வரி எழுதிவிடுங்கள்: என்ன வகை ஒப்பரேசன், எந்த ஆண்டு; டைக்குளோபெனாக் தரவேண்டாம்; குளுக்கோஸுக்கு முன் தயமின்.